மேளம் நின்னா குலவை

கூடை காலை இடிக்குதா தாயி? இரு, நகட்டி வச்சுக்கிடுறேன். வாடை இருக்கத்தான் செய்யும். நெத்திலியும் சாளையும். நல்லா வெயில்ல காஞ்சது, ஈ ஒட்டாது. மூக்கைப் பொத்தணும்னா பொத்திக்கோ, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சூரங்குடி வாரதுக்குள்ள பழகிரும். எல்லாருக்கும் பழகிருது. இந்தக் கண்டக்டருக்கு மட்டும்தான் இத்தனை வருசமாப் பழகலை.

எங்க எறங்குற? புதூரா? நான் அதுக்கு முன்னாலயே, விளாத்திகுளத்துல எறங்கிருவேன். சந்தை இன்னைக்கு. வேம்பார்ல சரக்கு எடுத்து விளாத்திகுளத்துல விக்கிறது. வாரம் தவறாம இந்த பஸ்தான், இந்தச் சீட்டுதான்.

போன் வச்சிருக்கேல்ல? இல்ல, சும்மாதான் கேட்டேன். என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, இந்தா மடியில, பட்டன் போன். அது இருக்கட்டும். பிறகு சொல்றேன்.

அந்தா வாரான் பாரு. "என்ன சீனியம்மாக்கா, இன்னைக்கு இந்தப் பிள்ளையா?"ன்னு கேக்குறான். நக்கல். நீ டிக்கெட்டைக் கிழிப்பா துரைச்சாமி, உன் சோலியைப் பாரு. அவனைக் கண்டுக்கிடாத தாயி. நல்ல பையன்தான், வாய்தான் கூட.

எனக்கும் வாய் கூடத்தான். இல்லைங்கலை. கருவாடு விக்கிறவளுக்குக் கூடை பாதி, தொண்டை பாதி. தெருமுனையில நின்னு "நெத்திலீ... சாளேய்..."ன்னு ஒரு குரல் குடுத்தேன்னா, அடுத்த தெருவுல சட்டியைக் கழுவி அடுப்புல ஏத்திருவாக. அந்தத் தொண்டைக்குத்தான் குலவையும் வாச்சுது. எங்க ஊர் அம்மன் கொடையில நான் எடுத்தாத்தான் மத்தவளுக எடுப்பாளுக. நாக்கை இப்பிடிச் சுழட்டி... இல்ல, போட மாட்டேன். இப்பல்லாம் போடுறதில்ல. அதைத்தான் சொல்ல வாரேன்.

குலவைன்னா சும்மா கத்துறதுன்னு நெனைச்சிராத. அதுக்கு ஒரு நேரம் இருக்கு. மேளம் அடிச்சு நொறுக்கிக்கிட்டு இருக்கையில போட்டா வீணு, அதுக்குள்ள கரைஞ்சு போகும். சாமி வாரதுக்கு முன்னால மேளக்காரரு சட்டுன்னு கையை நிறுத்துவாரு. கூட்டம் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கும். அந்த இடத்துல எந்திரிக்கணும் குலவை. அப்பப் போடாட்டா, சாமி வழி தெரியாம வெளியவே நின்னுரும். எங்க ஆத்தா எனக்குச் சொன்னது. மேளம் நின்னா குலவை. இதை மனசுல வச்சுக்கோ. நாளைக்கு நீ யார்கிட்டயாவது சொல்லும்போது, சீனியம்மா புத்தி கெட்டுப் போய்ச் செஞ்சான்னு சொல்லக் கூடாது, பாத்துக்கோ.

என் மக பேரு முனீஸ்வரி. ஒசரம் தாண்டுறவ. உயரம் தாண்டுதல்னு பள்ளிக்கூடத்துல இருந்திருக்கும்ல, ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரு கம்பியைக் குறுக்க வச்சு? அது. எனக்கு நாள் கழிச்சுப் பொறந்தவ. அவ அஞ்சாப்புப் படிக்கையில அவுக அப்பா மஞ்சக்காமாலையில போயிட்டாரு. பிறகு வீட்டுல ரெண்டு பொம்பளை, ஒரு வாய். அந்த வாயும் என் வாய்தான். அவ பேசவே மாட்டா. நான் பேசுவேன், அவ கேப்பா. சோறு போடுன்னு கூடக் கேக்க மாட்டா, தட்டை எடுத்துட்டு வந்து முன்னால உக்காந்துக்குவா. இதுக்கு வாயை வச்ச சாமி வேலை மெனக்கெட்டு வச்சிருக்கேன்னு நெனைப்பேன்.

வாய் வளரலை, கால் வளந்துச்சு. கொக்குன்னுதான் கூப்பிடுவாளுக. எஸ்தர் டீச்சர்னு ஒருத்தக, பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர், அவுகதான் வீட்டுக்கு வந்து "இந்தக் காலை எனக்குக் குடுங்க சீனியம்மா"ன்னாக. காலை எடுத்துக்கோங்க, மத்ததை எனக்கு விட்டுருங்கன்னு சிரிச்சேன்.

மொதல்ல நேராத்தான் தாண்டினா, ஆடு வேலி தாண்டுற கணக்கா. பிறகு ஒருநா போயிப் பாக்கேன், ஓடிப் போயி, கம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மல்லாக்க விழுறா! "ஏ டீச்சர், பொம்பளைப் பிள்ளை முதுகெலும்பை ஒடிக்கவா கேட்டு வந்தீக?"ன்னு கூடையோட சண்டைக்குப் போயிட்டேன். அவுக சிரிக்காக. உலகம் பூரா இப்பிடித்தானாம். வானத்தைப் பாத்துக்கிட்டே தாண்டணுமாம். கம்பி எங்க கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, முதுகுக்குத்தான் தெரியணுமாம். என்ன விளையாட்டோ.

விழ மெத்தை வேணும்ல? அந்தப் பள்ளிக்கூடத்துல ஏது மெத்தை. கடற்கரையில கெடந்த கிழிஞ்ச வலையெல்லாம் நான் அள்ளிட்டு வந்து, பை பையாத் தச்சு, வைக்கோலைத் திணிச்சுக் குடுத்தேன். பிள்ளை விழுந்து எந்திரிச்சா தலையெல்லாம் வைக்கோல், மேலெல்லாம் மீன் வாடை. பிறகு அரசாங்க ஹாஸ்டல்ல சேத்து விட்டாக. அங்க நீலக் கலர்ல மெத்தை, வீடு ஒசரத்துக்கு. போன மொத மாசம் போன்ல சொல்றா, "அம்மா, இந்த மெத்தையில வாடையே இல்ல. தாண்ட வரமாட்டேங்குது"ன்னு. வாடை இல்லைன்னு ஒரு பிள்ளை அழுமா? அழுதா தாயி.

நான் குலவை போட்டது மொதல்ல ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுல. யாரும் போடச் சொல்லலை. அவ ஓடப் போற இடத்துல வந்து நின்னா. குனிஞ்சு காலைப் பாத்தா, நிமிந்து கம்பியைப் பாத்தா. கூட்டம் கொஞ்சம் அடங்குச்சு. எனக்கு மேளம் நின்ன மாதிரி இருந்துச்சு, போட்டேன். எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாக. ஆனா அவ அந்தச் சத்தத்துலதான் மொத எட்டு எடுத்து வச்சா. நான் முடிக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் விழுந்துட்டா, கம்பி ஆடக் கூட இல்ல. பிறகு தூத்துக்குடி, மதுரை, திருச்சின்னு எங்க போட்டின்னாலும் கூடையை ஒருத்திகிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருவேன். அவ நிப்பா, நான் போடுவேன், அவ ஓடுவா. தாண்டினது அவதான். நான் தாண்டினேன்னு சொல்லலை. ஆனா தூக்கி விட்டது யாரு?

இப்ப மெட்ராசுக்கு வாரேன்.

போன வருசம் ஆடி கழிஞ்சு ஒரு போட்டி நடந்துச்சு. ஆசியாவுல உள்ள நாட்டுக்காரவுக அம்புட்டுப் பேரும் வந்தது. நம்ம நாட்டுக்காக ஒசரம் தாண்ட என் மக. எஸ்தர் டீச்சர்தான் என்னைக் கூட்டிட்டுப் போனாக. காலையில ஸ்டேடியம் கேட்டுக்கிட்ட வந்து பாத்துட்டுப் போனா முனீசு. சட்டையில நெஞ்சுக்கு மேல நாட்டுப் பேரு எழுதியிருக்கு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, இங்க குலவை வேண்டாம்மா. கை தட்டு, போதும்"ன்னா. சரின்னேன். டீச்சரும் சொன்னாக, அவுகளுக்கும் சரின்னேன். சரின்னு சொன்னா ஆச்சா? நெலமையைப் பாக்க வேண்டாமா?

உள்ள போனா, ஒரே பந்தல்ல நாலு கல்யாணம் நடந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி இருக்கு. இந்தப் பக்கம் ஒருத்தன் குண்டைத் தூக்கி எறியுறான். அந்தப் பக்கம் ஒருத்தி ஓடிப் போயி மணல்ல விழுறா. சுத்திச் செவப்பு ரோடு போட்டு அதுல ஒரு கூட்டம் ஓடுது. எதைன்னு பாக்க? நான் எதையும் பாக்கலை. என் பிள்ளையை மட்டும் பாத்தேன்.

கூடத் தாண்ட வந்தவளுக எல்லாம் நெட்டை நெட்டையா, வெள்ளை வெள்ளையா. ஒருத்தி தலையில துண்டைப் போட்டுக்கிட்டு இழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கா. ஒருத்தி தன் கன்னத்துல தானே அறைஞ்சுக்கிடுறா. இன்னொருத்தி என்ன செய்யுறா தெரியுமா, தாண்டப் போறதுக்கு முன்னால ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித் தட்டிக் காட்டுறா. உடனே கூட்டம் பூரா தாளம் போடுது! "பாத்தீகளா டீச்சர், சத்தத்தைக் கேட்டு வாங்கிக்கிடுறா"ன்னேன். "அது வேற சீனியம்மா"ன்னாக. என்ன வேற? கையில வந்தா நல்ல சத்தம், வாயில வந்தா கெட்ட சத்தமா?

மைக்குல பேசுறவனுக்கு என் மக பேரைச் சொல்லத் தெரியலை. மூனி... சுவாரின்னான். எனக்குப் பொறுக்கலை. எந்திரிச்சு "முனீஸ்வரிடா!"ன்னேன். டீச்சர் சேலையைப் பிடிச்சு உக்கார வச்சாக.

கம்பியை ஏத்திக்கிட்டே போவாக. ஒரு ஒசரத்துக்கு மூணு தடவை விடுவாக. மூணும் தட்டிட்டா வெளிய. கடைசியில ஜெயிச்சவளும் தட்டித்தான் நிறுத்தணும், இன்னும் மேலன்னு போயிப் போயி. தட்டாம வீட்டுக்குப் போறவளே கிடையாது. அந்த விளையாட்டோட லட்சணம் அது. சாயங்காலம் வெயில் இறங்கையில நாலு பேரு மிஞ்சினாக. மத்த மூணு பேரும் அந்த ஒசரத்தைத் தாண்டிட்டாளுக. பதக்கம் மூணு பேருக்குத்தான். என் மக தாண்டினாத்தான் வரிசையில நிக்க முடியும். மொதத் தடவை குதிகால் பட்டு விழுந்துச்சு. ரெண்டாந்தடவை இடுப்பு. நான் கை தட்டினேன் தாயி, சொன்னபடி கை தட்டத்தான் செஞ்சேன். கை தட்டித் தட்டித்தான் கம்பி விழுந்துச்சு.

மூணாவது. வந்து நின்னா. குனிஞ்சு காலைப் பாத்தா. நிமிந்தா. கம்பியைப் பாக்கலை. நேரா நான் உக்காந்திருக்கிற பக்கத்தைப் பாத்தா. எங்க தலைக்கு மேல கடிகாரம் இருந்துச்சாம், அதைத்தான் பாத்தாளாம், டீச்சர் பிறகு சொன்னாக. கடிகாரமாம். என் பிள்ளை எதைப் பாக்கான்னு எனக்குத் தெரியாதா?

அப்ப மைக்குல ஒருத்தன் மெதுவா "ஷ்ஷ்..."ன்னான். அவ்வளவுதான். அம்புட்டுச் சனமும் அப்பிடியே அடங்கிப் போச்சு. கொடிக் கம்பத்துல துணி அடிக்கிற சத்தம் கேக்குது. எங்கயோ ஒரு கைப்பிள்ளை இருமுது, அது கேக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. ஒரு கருவாட்டுக்காரி மகளுக்காக, இத்தனை நாட்டு சனம் மூச்சை அடக்கிட்டு உக்காந்திருக்கே, இதைப் பாக்க அவுக அப்பா இல்லையேன்னு. மேளம் நின்னு போச்சு தாயி. பிறகு நான் என்ன செய்யணும், நீயே சொல்லு.

போட்டேன்.

நான் போட்ட குலவையிலயே அது மாதிரி ஒண்ணு போட்டதில்ல. கூரையில போயித் தட்டி, சுத்தி வந்து, என் காதுக்கே திரும்ப வந்துச்சு.

பிறகுதான் சொல்றாக, அந்த அமைதி என் மகளுக்கு இல்லையாம். அந்தக் கோடியில பொம்பளைப் பிள்ளைக நூறு மீட்டர் ஓடப் போறாளுகளாம். கையை ஊனிக் குனிஞ்சு துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்காளுக. என் குலவையைக் கேட்டதும் மூணு பேரு எடுத்தாளுக பாரு ஓட்டம். ஒருத்தி பாதி தூரம் போயிட்டா. துப்பாக்கிக்கும் குலவைக்கும் வித்தியாசம் தெரியாம என்னத்த ஓட்டம் படிச்சாளுகளோ. திரும்பத் துப்பாக்கியை வெடிச்சுக் கூப்பிட்டு, ஒருத்தரு பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டினாரு. அப்பிடின்னா யார் மேலயும் குத்தம் இல்லைன்னு அர்த்தமாம். யார் மேலயும்னா, என் மேலயும்தானே?

பெரிய டிவி ஒண்ணு வச்சிருக்காக, வீடு மாதிரி. அதுல என் மூஞ்சி. மூக்குத்தி மினுங்குறது கூடத் தெரியுது. கூட்டம் சிரிக்குது. நானும் சிரிச்சேன். அப்பத்தான் முனீசைப் பாத்தேன். அவ ரெண்டு எட்டு எடுத்து வச்சு நின்னு போயிருக்கா. திரும்பினா. என்னைப் பாத்து, "வாயை மூடும்மா!"ன்னா.

பேசவே பேசாத பிள்ளை. அதுக்குள்ள அம்புட்டுச் சத்தம் கெடக்குன்னு அன்னைக்குத்தான் தெரியும் எனக்கு. அப்பிடியே என் தொண்டை.

ரெண்டு பொம்பளைப் போலீசு வந்து, "வாங்கம்மா, வெளிய உக்காரலாம்"ன்னு கூட்டிட்டுப் போயிட்டாக. மரியாதையாத்தான் கூப்பிட்டாக. தண்ணி குடுத்தாக. செவருக்கு அந்தப் பக்கம் போட்டி, இந்தப் பக்கம் நான். பாக்க முடியலை, ஆனா காது இருக்குல்ல. காலையில இருந்து கேட்டுப் பழகிட்டேன். தாண்டினா கூட்டத்துச் சத்தம் மேல எந்திரிக்கும், கோழியைத் தொரத்தின மாதிரி. தட்டினா கீழ உக்காரும், பாரத்தை இறக்கி வச்ச மாதிரி "ஆ..."ன்னு. செவத்துல காதை வச்சுக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். ஓட்டக்காரிக ஓடி முடிக்கட்டும்னு அவளை அங்கயே நிக்க வச்சிருக்காக. வேர்த்த உடம்பு ஆறிப் போயிருக்கும். கால் வெறச்சிருக்கும். பிறகு துப்பாக்கி. பிறகு ஒரு ஆரவாரம், அது அவளுக்கு இல்ல. பிறகு கொஞ்சம் அமைதி. வாயை மூடிக்கிட்டுத்தான் நின்னேன். பிறகு, "ஆ..."

நாலாவது. நாலாவதுக்கு ஒண்ணும் கிடையாது.

நானா தட்டினேன் கம்பியை? நான் செவத்துக்கு இந்தப் பக்கம் நிக்கேன்.

பஸ் ஏத்தி விட வந்தா ராத்திரி. அவுக டீம்ல அனுமதி கேட்டுக்கிட்டு வந்திருக்கா. ஜன்னலோரமா இடம் பிடிச்சுக் குடுத்தா. தண்ணிப் பாட்டிலும் ரெண்டு ஆரஞ்சும் வாங்கிக் குடுத்தா. கீழ நின்னு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, நான் வந்து..."ன்னு என்னமோ சொல்ல வாயெடுத்தா. நான் முந்தானையை எடுத்து வாயில வச்சுக் காட்டினேன். மூடச் சொன்னேல்ல, மூடிட்டேன் பாத்துக்கோன்னு. பஸ் எடுக்கிற வரைக்கும் நின்னா. நான் திரும்பிப் பாக்கலை. டீச்சர்தான் கையைக் காட்டினாக.

அன்னையில இருந்து அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை. அத்தனை நாட்டுக்காரன் முன்னால, என் மூஞ்சியை டிவியில வச்சுக்கிட்டு, வாயை மூடுன்னா. மூடிட்டேன். உன்கிட்டப் பேசுறேனே, சந்தையில பேசுறேனே, அது வேற. அவகிட்டத்தான் மூடினது. குலவையையும் நிறுத்திட்டேன். இந்தத் தடவை கொடைக்கு வந்து கூப்பிட்டாளுக. வரமாட்டேன்னுட்டேன். எவளோ ஒருத்தி எடுத்தாளாம், பாதியில இருமிட்டாளாம். கேட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளதான் இருந்தேன்.

அவளும் என்னை விட்டுட்டா தாயி. அதுதான் எனக்கு ஆத்தாமை. பெத்தவ இருக்காளா செத்தாளான்னு ஒரு பேச்சு பேசணுமா இல்லையா? போன் அடிப்பா. அடிக்கிறா, இல்லைங்கலை. ஞாயித்துக்கெழமை சாயங்காலமாயிட்டா அடிக்கும். போன் அடிக்கிறது பேச்சாகுமா? எடுத்தாத்தானேன்னு நீ கேப்ப. எடுத்தா நான்ல பேசணும். அதனால அதை எடுத்துப் பலகையில வச்சுட்டு முன்னால உக்காந்துக்குவேன். அடிச்சு நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன். வெளிச்சம் வந்து வந்து போகும். திரும்பவும் ஒரு தடவை அடிக்கும். நின்னுருச்சுன்னா வீடு என்னமோ மாதிரி ஆயிரும். அதுக்குப் பிறகு சோறு ஆக்கப் பிடிக்காது. திங்கக்கெழமை வந்துட்டாப் பரவால்ல.

டீச்சர் வந்து சொன்னாக, "அவளுக்குக் கோவம் எதுவும் இல்ல சீனியம்மா"ன்னு. கோவம் அவளுக்கு எதுக்கு வருது? கோவப்பட வேண்டியது நான்.

இப்பம் பெங்களூர்ல இருக்கா. நாளைக்கு எங்கயோ வெளிநாடு போறாளாம், பேரு வாயில நொழையலை. அங்க இன்னும் பெரிய போட்டி. மொதத் தடவையா பிளேன் ஏறி அம்புட்டுத் தூரம் போறா.

அதான், உன் போன்... நீ தப்பா நெனைக்காட்டா, ஒரு நம்பர் சொல்றேன், அமுக்கித் தாரியா? எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான். என் போன்ல அடிச்சா நான்னு தெரிஞ்சிரும்ல. பேச மாட்டேன். குரலை மட்டும் கேட்டுட்டுத் தந்துருவேன். வாரா வாரம் இந்த பஸ்ல யாராவது ஒரு மகராசி தாராக. ஒருத்தி மட்டும் தர மாட்டேன்னா, கருவாட்டுக் கைன்னு. நான் முந்தானையால பிடிச்சுக்கிடுவேன், உன் போன்ல வாடை ஏறாது.

அமுக்கிட்டியா? பஸ் இரைச்சல்ல கேக்காது, சத்தமா வையி. அடிக்குதா? இனி நான் பேச மாட்டேன். நீயும் பேசிராத. ஷ்ஷ்...

"ஹலோ."

"ஹலோ? யாரு பேசுறது?"

"விளாத்திகுளம் எறங்குறவுகல்லாம் முன்னால வாங்க! ஏ பெரியவரே, படியில நிக்காதீக!"

"..."

"...சரி. இப்பத்தான் சாப்பிட்டேன். சப்பாத்தியும் பருப்பும். முழங்கால் வீக்கம் வத்திருச்சு. நல்லா ஓட முடியுது. நாளைக்குச் சாயங்காலம் பிளேன். அங்க குளிராம், ஸ்வெட்டர் குடுத்திருக்காக."

"..."

"ஓடப் போறதுக்கு முன்னால நிக்கேன்ல, அப்ப ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. எல்லாரும் கை தட்டத்தான் செய்யுறாக. இருந்தாலும், கொஞ்ச நேரம் நின்னு பாக்கேன். பிறகுதான் ஓடுறேன்."

"..."

"சரி. எறங்குற இடம் வந்திருக்கும். நீயே வையி."

வச்சிரு தாயி. வச்சிட்டியா? இந்தா, தொடைச்சுக்கோ.

குரல் நல்லா இருக்குல்ல? கடைசியில கொஞ்சம் கம்மினாப்புல இருந்துச்சு. அது சளி. பெங்களூர் குளிர் அவளுக்கு ஒத்துக்கிடாது. முழங்கால் வத்திருச்சாம். வீங்கினதே எனக்கு இப்பத்தான் தெரியும், யாரு சொன்னா எனக்கு? ஆனா பாத்தியா இவ வளப்பை? போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு, பக்கத்துல உள்ளவகிட்டப் பேசிக்கிட்டே இருக்கா. எப்பவும் இப்பிடித்தான். சாப்பிட்டேன், தூங்கினேன்னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டே இருப்பா. இந்தப் பக்கம் ஒருத்தி காத்துக்கிட்டு இருக்காளேன்னு நெனைப்பு கிடையாது. ஆனா ஒண்ணு, அங்க அவளுக்குப் பேச ஆளு இருக்கு. ஒத்தையில இல்ல. எனக்கு அது போதும்.

என்னப்பா துரைச்சாமி? என்ன சொன்ன? "ஏக்கா, அந்தப் பிள்ளை உன்கூடத்தான் பேசுது, உனக்கு வெளங்கலையா"வாம். வாராவாரம் இதையே சொல்லுவான் இவன். என்கூடப் பேசணும்னா அம்மான்னு கூப்பிட மாட்டாளா? பெத்தவளை வேற எப்பிடிக் கூப்பிடுறது? நீ விசிலை ஊதி வண்டியை நிப்பாட்டு, போ. கூடைக்கு ஒரு கை பிடி. அந்தா, மூக்கைச் சுளிக்காமப் பிடி.

வாரேன் தாயி. நல்லா இரு. புதூர்ல வெயிலா இருக்கும், முக்காடு போட்டுக்கோ.

ஏ, உன் போன் அடிக்குது.

யாரு? ஜன்னல் வழியாக் காட்டு. அவ நம்பர்தான். எடுக்காத. இல்ல, எடு. பாவம், பிளேன் ஏறப் போறவ. துரைச்சாமி, செத்த பொறுப்பா, விசிலை வாயில இருந்து எடு. எடுத்துச் சொல்லு தாயி, ஒருத்தி போன் கேட்டா, குடுத்தேன், எறங்கிப் போயிட்டான்னு. பேரு கேட்டா தெரியாதுன்னுரு. எப்பிடி இருந்தான்னு கேட்டா, நல்லா இருந்தான்னுரு. வாடை அடிச்சுதான்னு கேட்டா மட்டும்...

அடிச்சுதுன்னு சொல்லு தாயி. பிள்ளைகிட்டப் பொய் சொல்லிராத.